ஒரு பெட்டிக்கு ஒரு வேலை

விண்டோஸ் 10-க்கு வயதாகிவிட்டது. அதை நம்பி ஓடிய வீட்டுக் கணினிகளை என்ன செய்வது? ஜனக்புரியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. முந்தின நாள் ஓடிய கணினிகள் மறுநாளும் ஓடின. கீபோர்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் டெல்லி ஜனக்புரி போன்ற மத்தியதரக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "புதுசு வாங்கியே ஆகணுமா?"

காரணம், விண்டோஸ் 11 போடும் நிபந்தனைகள். இன்டெல் என்றால் 2017-ல் வந்த எட்டாம் தலைமுறைச் சில்லோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும். 2015-ல் ஆசை ஆசையாக வாங்கிய ஐ5 கணினி, எவ்வளவு நன்றாக ஓடினாலும், இந்த வாசலைத் தாண்ட முடியாது. உலகம் முழுக்க இப்படிச் சுமார் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணித்திருந்தது.

இவற்றில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்தக் கோபம்தான். ஒரு பொருள் கெட்டுப்போய் வீசப்படுவது வேறு. எங்கோ ஒரு நிறுவனம் குறித்த தேதியால் வீசப்படுவது வேறு. ஒரு வருடத் தவணை வேண்டுவோருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு மூலம் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தருகிறார்கள். அதுவும் தவணைதான், தீர்வல்ல.

மாயாபுரியில் நடந்தது

ஜனக்புரியில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கபாடிவாலாவின் குரல் கேட்கும். பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக், அதே தராசில் பழைய சிபியு. எடைக்கு எடை பணம். கொடுத்த கையோடு நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பெட்டி எங்கே போகிறது என்பது ஜனக்புரிக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆறேழு கிலோமீட்டருக்குள் மாயாபுரி இருக்கிறது.

2010-ல் அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. 1985-க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் வேண்டாத சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்த பழைய இரும்பு வியாபாரி மாயாபுரிக்காரர். அங்கே தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஏப்ரலில் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஏழு பேர் கதிர்வீச்சுக் காயங்களோடு தப்பினார்கள், ஒருவர் இறந்துபோனார். கருவியை வாங்கியவர்கள், வைத்திருந்தவர்கள், ஏலம் விட்டவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அதைக் கையால் பிரித்தவர்களுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

வீட்டுக் கணினியில் கோபால்ட் கிடையாது, உண்மைதான். ஆனால் பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடிக்குள் ஈயம் கிலோ கணக்கில் இருக்கிறது. மதர்போர்டின் பற்றாசில் ஈயம், கம்பிகளின் மேலே பிவிசி. இவை வடகிழக்கு டெல்லியின் சீலம்பூருக்குப் போகின்றன. அங்கே பிரித்த சர்க்யூட் போர்டுகளில் ஒரு பங்கு உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் வரை பயணப்படுகிறது. துளித் தங்கத்துக்காகவும் தாமிரத்துக்காகவும் போர்டுகளை அமிலத்தில் ஊற வைக்கிறார்கள், கம்பிகளை எரிக்கிறார்கள். செய்கிறவர் கையில் பெரும்பாலும் உறைகூட இருக்காது. 2022-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

இன்னொரு கணக்கும் இங்கே முக்கியம். 17 அங்குல டப்பா மானிட்டரோடு ஒரு மேசைக் கணினி தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ ரசாயனங்கள், 1,500 கிலோ தண்ணீர் செலவாகிறது என்று 2004-ல் ஐ.நா. பல்கலைக்கழகத்துக்காக எரிக் வில்லியம்ஸ் குழு கணக்கிட்டது. அந்தக் கணினி தன் ஆயுளில் தின்னும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு, அது நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. ஆகவே கணினியை இன்னும் நான்கு வருடம் ஓட்டுவது, எந்தப் பச்சை முத்திரை குத்திய புதுக் கணினியை வாங்குவதைவிடவும் மேல்.

பர்சாத்தியில் பிறந்த கணினி

டெல்லித் தமிழர்களுக்கும் கணினிக்கும் பழைய பந்தம். திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் 1976-ல் நண்பர்களோடு எச்சிஎல் நிறுவனத்தைத் தொடங்கியது டெல்லியில், ஒரு பர்சாத்தியில். மொட்டை மாடியில் ஒற்றை அறை, அதுதான் பர்சாத்தி. 1978-ல் அவர்கள் கொண்டுவந்த 8சி, இந்தியாவிலேயே தயாரான முதல் மைக்ரோ கணினிகளில் ஒன்று. அதே வருடம்தான் ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்பியது.

ஜனக்புரியும் கிட்டத்தட்ட அதே காலத்தில் எழும்பிய ஊர். டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ போட்ட பிளாக்குகள், மத்திய அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள், அவர்களோடு தமிழ்க் குடும்பங்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் இந்த வீடுகளுக்குக் கணினி வந்தபோது அது பெரும்பாலும் நேரு பிளேஸில் பொறுக்கிக் கோத்த அசெம்பிள்டு பெட்டியாகத்தான் வந்தது. இன்று ஜனக்புரி மேற்கிலிருந்து மெஜந்தா லைனில் ஏறினால் வண்டி மாறாமல் கால்காஜி மந்திர் போய்விடலாம். அங்கிருந்து நேரு பிளேஸ் நடக்கிற தூரம்தான். அன்று இரண்டு பஸ் மாறிப் போய், மானிட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஒரு மாத, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய பொருள் அது. அதைத் தராசில் ஏற்ற மனம் வராததில் வியப்பில்லை. பரணில் போட்டு வைப்பதோ யாருக்கும் உபயோகமில்லை.

மூடியைத் திறந்தால்

எங்கள் வீட்டுப் பெட்டி 2012-ல் கோத்தது. இரண்டாம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை வந்திருக்காது. வீட்டில் எல்லோரும் "சில்லு போயிடுச்சு" என்றே தீர்மானித்திருந்தோம்.

பால்கனியில் வைத்துத் திறந்தேன். டெல்லித் தூசியைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டாம், ஆனால் கேபினெட்டுக்குள் அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிராசஸருக்கு மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி வெறும் பொடியாக இல்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல ஒரே படலமாகப் படிந்திருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் போகவில்லை. பிராசஸர் சூடாகிறது, சூட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சில்லு நன்றாகவே இருந்தது, அதற்கு மூச்சு விட வழியில்லை.

விசிறியைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். ரேமைப் பிடுங்கி, அடி விளிம்பில் உள்ள பொன்னிறக் கோடுகளை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கப் பயன்படுத்தும் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற வேலைதான். படிந்த கறை போனால் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருந்த மதர்போர்டு அமைதியாகும். ஒவ்வொரு தடவையும் தேதி தவறாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் எட்டணா அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கொடுப்பார்கள்.

கடைசியாக எஸ்எஸ்டி. பழைய கணினிக்குச் செய்யத்தக்க செலவு ஒன்றே ஒன்றென்றால் அது இதுதான். சுழலும் தட்டில் ஊசி ஓடித் தேடும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா வகை, பத்துப் பதினைந்து வருடப் பழைய மதர்போர்டிலும் பொருந்தும். 240 ஜிபி போதும். நேரு பிளேஸ் வரை போக வேண்டாம், ஜனக்புரி டிஸ்ட்ரிக்ட் சென்டர் பக்கத்திலேயே கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றின் விலையும் ஏறிவிட்டது. அப்படியும் புதுக் கணினி விலையில் இது சிறு பங்குதான். பழைய வகை டிடிஆர்3 ரேம் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் போதும். நான்கு ஜிபியை எட்டு ஆக்கினால் வேலை முடிந்தது.

பிறகு எங்கள் பெட்டி அரை நிமிடத்துக்குள் திரைக்கு வந்தது.

விண்டோஸுக்குப் பதில் எது

வன்பொருள் தயார். மென்பொருளுக்கு லினக்ஸ். பெயரைக் கேட்டதும் மிரள வேண்டாம். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பொருள்தான். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் 7 பழகியவருக்கு ஸ்டார்ட் பொத்தான் எங்கே என்று தேட வேண்டியிருக்காது. 22-ம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல், நேராகப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று சோதித்துவிட்டு அப்புறம் நிறுவினால் போதும். மாலை முழுக்க அப்படியே ஓட்டிப் பாருங்கள், அவசரமே இல்லை.

2006-ல் வந்த கோர் 2 டுவோவிலிருந்து 64-பிட் வகை, அவை தேறிவிடும். அதற்கு முந்தைய 32-பிட் பெட்டிகளுக்குக் கதவு சாத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியையே நிறுத்திவிட்டது. டெபியன் 12 மட்டும் 2028 வரை தாங்கும்.

தமிழில் வழிகாட்டவும் ஆள் இருக்கிறார்கள். கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் கனு/லினக்ஸ்' இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் வாராவாரம் கூடிச் சொல்லித் தருகின்றன.

யாரையும் ஏமாற்றக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். டேலியில் கணக்கு எழுதுபவர், டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் செருகி வரிக் கணக்கு தாக்கல் செய்பவர், அலுவலகத்தின் தனி மென்பொருளைக் கட்டாயம் ஓட்ட வேண்டியவர், இவர்கள் லினக்ஸுக்கு மாறினால் அவதிப்படுவார்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பிடிவாதம் பிடிக்கும். இவர்களுக்குப் புதுக் கணினிதான் சரி. பழையது வேறு வேலைக்கு.

எந்த வேலைக்கு?

பழைய கணினியை மீட்டெடுக்கிற முயற்சிகள் பெரும்பாலும் எங்கே கவிழ்கின்றன என்று கவனித்திருக்கிறேன். எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றி, "இனி இதுதான் வீட்டுக் கணினி" என்று எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டுவார்கள். பத்து டேபில் குரோம், ஜூம் கூட்டம், வீடியோ எடிட்டிங். ஒரு வாரத்தில் திணறும். "அப்பவே சொன்னேன்" என்று ஒருவர் சொல்வார், மறுபடியும் பரண். ஆகவே என் கட்சி இதுதான்: ஒரு பெட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே வேலையென்றால் பன்னிரண்டு வருடப் பழைய கணினி புதியதுக்குச் சளைக்காது.

முதலாவது, படிக்கவும் எழுதவும். எங்கள் மேல் மாடியில் ஒரு மாமா இருக்கிறார், மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெரிய எழுத்தில் படிக்க வேண்டும், அண்ணன் தம்பிகளுக்குத் தமிழில் கடிதம் எழுத வேண்டும். இந்த இரண்டும்தான் அவர் தேவை. போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அலுத்துப் போயிருந்தார். அவருடைய பழைய கணினியில் தமிழ்99 விசைமுறையை அமைத்துக் கொடுத்தோம். உயிர் எழுத்துகள் இடக்கையிலும், மெய் வலக்கையிலும் வரும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருவான முறை இது. கூடவே மதுரைத் திட்டத்தின் நூல்களை இறக்கிக் கொடுத்தோம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த அந்த முயற்சியில், சங்க நூல் தொடங்கிப் பழைய தமிழ் இலக்கியங்கள் பலவும் எளிய எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைத் திறக்க எந்தப் பழைய பிராசஸரும் போதும். எழுத்தின் அளவை 24 புள்ளிக்கு ஏற்றி வைத்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "இது நல்லாருக்குடா, இன்டர்நெட் போட்டுக் குழப்பாதே" என்றார். இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் பயமும் குறைவு. அதன் வழியாக யாரும் போலி மெசேஜ் அனுப்பிப் பணம் பறிக்கவும் முடியாது. வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிகளைப் பற்றித் தினமும் படிக்கிற இந்தக் காலத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, வீட்டுப் புகைப்படக் கிடங்கு. எல்லோர் போனும் நிரம்பி வழிகிறது. மேகச் சேமிப்புக்கு மாதாமாதம் கட்டணம். பழைய கணினியில் ஒரு டெராபைட் டிஸ்க் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்து, சின்க்திங் என்ற இலவச மென்பொருளை அதிலும் போன்களிலும் நிறுவினால் போன்களில் எடுக்கிற படங்கள் தானாகவே அதில் போய்ச் சேரும். பிள்ளையின் அரங்கேற்றப் படமும் தாத்தாவின் கடைசிப் படமும் ஒரே போனில் மட்டும் இருப்பது ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய பெட்டியை உயிர்ப்பிக்கலாம். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு வீட்டிலும் இருக்கட்டும். பழைய டிஸ்க் என்றைக்கு நின்றுபோகும் என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் கிடங்கு என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் டெல்லிக்காரர்கள் பேனாவும் காகிதமும் எடுக்க வேண்டும். பழைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். டெல்லியில் மானியத்துக்கு விண்ணப்பித்த வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். அதைத் தாண்டினால் 400 வரை பாதிக் கட்டணம். ஏ.சி. ஓடாத மாதங்களில் 170, 180 யூனிட்டில் நிற்கிற வீடு, இந்த 36 யூனிட்டால் கோட்டைத் தாண்டிவிடும். இலவசம் போய்ப் பில் வந்துவிடும். சேமிக்க நினைத்த கட்டணத்தைவிட இது அதிகமாகவும் ஆகலாம். வழி இருக்கிறது: ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஓட விடுங்கள், படங்கள் சேர்ந்ததும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேசைக் கணினிக்குப் பதில் பழைய மடிக்கணினியை இந்த வேலைக்கு வையுங்கள். மூடி வைத்தால் பத்துப் பன்னிரண்டு வாட்தான், மாதம் ஒன்பது யூனிட்டைத் தொடாது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கழற்றிவிட வேண்டும், அது தீப்பிடிக்கும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு. படிக்கிற பிள்ளைக்குக் கணினி கொடுத்தால் யூடியூப் பார்க்கும் என்ற கவலைக்குப் பதில் கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கி, இணையம் இல்லாமலே படிக்க வைக்கிற மென்பொருள் அது. தமிழ் விக்கிப்பீடியா மொத்தமும் ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கிவிடும். அதே கணினியை வைஃபையோடு சேர்த்துவிட்டால் அறையில் இருக்கும் பத்துப் போன்களுக்கும் அது நூலகமாகிவிடும். டியூஷன் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். நிரல் எழுதப் பழக பைத்தான் இருக்கிறது. தமிழிலேயே எழுதிப் பார்க்க முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இருக்கிறது. உடைந்தால் உடையட்டும் என்று பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்கக்கூடிய கணினி, வீட்டில் பழையது ஒன்றுதான். உடைத்துப் பார்க்காமல் யாரும் கணினி கற்றதில்லை.

டிவியோடு இணைத்துப் படம் பார்க்கலாம். சும்மா இருக்கிற நேரத்தில் ஃபோல்டிங்@ஹோம் போன்ற ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்வார்கள். 2020-ல் கொரோனாவுக்காக லட்சக்கணக்கானோர் அப்படிக் கொடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் மின்சாரம் குடிக்கிற பழைய சில்லில், டெல்லிக் கோடையில், நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கொடுப்பதென்றால்

வீட்டு வேலைக்கு வருபவரின் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நிச்சயம் கொடுக்கலாம். எப்படிக் கொடுக்கிறோம் என்பதற்குக் கால்காஜியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1999 ஜனவரி 26 அன்று என்ஐஐடியைச் சேர்ந்த சுகதா மித்ரா, தங்கள் அலுவலகச் சுவரில் துளை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதியைப் பார்த்தவாறு ஒரு கணினியைப் பதித்தார். சொல்லித்தர யாரும் இல்லாமலே பிள்ளைகள் தாமாக அதைக் கற்றுக்கொண்ட செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னால் உத்தராகண்டின் அல்மோராப் பகுதியில் அதே மாதிரி வைத்த கணினிகளைப் போய்ப் பார்த்த ஆய்வாளர் பாயல் அரோரா, அவை கைவிடப்பட்டுக் கிடந்ததை 2010-ல் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளைகளின் ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனால் கேபிள் கழன்றால் மாட்டிக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஆகவே கணினியோடு உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள். முதல் மாதம் இரண்டு முறை போய்ப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைத் துடைத்தே ஆக வேண்டும். டிலீட் செய்வதும் சாதாரணமாக ஃபார்மட் செய்வதும் அட்டவணையைத்தான் அழிக்கின்றன. கோப்புகள் அங்கேயேதான் கிடக்கும். 2009-ல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சிக்காகக் கானா நாட்டுக் குப்பைச் சந்தையில் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோடு தொழில் செய்யும் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்த விவரங்களே இருந்தன. நம் டிஸ்க்கில் ஆதார் நகல், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக் ஸ்கேன், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் என்வைப் என்ற இலவசக் கருவியால் முழுக்க மேலெழுதுங்கள். எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளரே தரும் 'செக்யூர் இரேஸ்' வழி. இரண்டும் முடியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். கழற்றியதை இருநூறு, முந்நூறு ரூபாய் யுஎஸ்பி உறையில் போட்டால் வெளி டிஸ்க்காகப் பயன்படும்.

எதற்கும் தேறாத பெட்டிகளும் உண்டு. பென்டியம் 4 அதில் முதல் இடம். செய்கிற வேலைக்கு அது தின்கிற மின்சாரம் கட்டுப்படியாகாது. டப்பா மானிட்டரும் அப்படியே. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் பொறுப்பைச் சுமத்துகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கபாடிவாலா தருவதைவிடப் பணம் குறையும். அந்தப் பணத்தை விட்டுக்கொடுங்கள். அந்த வித்தியாசத்துக்காக யாரோ ஒரு தொழிலாளி தன் நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை.

கூடிச் செய்தால்

ஆம்ஸ்டர்டாமில் 2009 அக்டோபரில் மார்டினா போஸ்ட்மா முதல் 'ரிப்பேர் கஃபே'யை நடத்தினார். ஒரு மேசை, நாலு ஸ்க்ரூடிரைவர், தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவுவது, அவ்வளவுதான். பெங்களூரில் இது வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விண்டோஸ் 10 முடிவை ஒட்டி 'எண்ட் ஆஃப் 10' என்ற பெயரில் பல நாடுகளில் இதே போன்ற கூட்டங்கள் நடக்கின்றன. வருகிறவர்களின் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஜனக்புரியில் பிளாக்குக்கு ஒரு ஆர்டபிள்யூஏ, அதாவது குடியிருப்போர் நலச் சங்கம், இருக்கிறது. சமுதாயக் கூடம் இருக்கிறது. கணினிப் பாடம் எடுக்கிற பிளஸ் டூ மாணவர்கள் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்முறை அனுபவம் தேவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை: நீளமான இரண்டு மேசைகள், எக்ஸ்டென்ஷன் போர்டுகள், மின்ட் ஏற்றிய பத்துப் பென்டிரைவ்கள், பெயின்ட் பிரஷ், தெர்மல் பேஸ்ட் ஒரு டியூப், ஒரு டப்பா ரப்பர். வாசலிலேயே ஒரு பக்கம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் வண்டி நிற்கட்டும். தேறியவை வீட்டுக்குத் திரும்பட்டும், தேறாதவை வண்டியில் ஏறட்டும். வீட்டை ஒழிக்கிற வாரத்தில் வைத்தால் பரண்கள் தாமாகவே காலியாகும். நீட்டிப்பு வாங்கிய கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13-ல் தவணை முடிகிறது. அதற்கு முந்தின ஞாயிறுகளில் ஒன்றை எந்த பிளாக் முதலில் எடுத்துக்கொள்கிறதோ, அங்கே வந்து தூசி தட்டுகிற வேலையை நான் செய்கிறேன்.